சிட்டுக்குருவிக்குக் கூடு வைக்க மரப்பெட்டியா, மண்கலயமா, அட்டைப்பெட்டியா?

வீட்டில் குருவிக்கூடு வைக்கலாம் என்று ஆசை வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எதில் செய்தால் நல்லது என்பதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீடு, சுவரில் திருகு போட இடம், அதற்கு மேலே ஒரு சன்ஷேட், இவ்வளவும் இருந்தால் மரப்பெட்டி. மேல்மாடி வீடு, கான்கிரீட் சூடு ராத்திரி வரை இறங்காத பால்கனி என்றால் வாயை மரத்துண்டால் அடைத்த மண்கலயம். வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது, குருவி வருமா வராதா என்று ஒரு பருவம் பார்க்க வேண்டும் என்றால் அட்டைப்பெட்டி. கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் கூடு எந்த வீட்டுக்கும் வேண்டாம். இப்படிப் பிரிப்பதற்கான காரணங்களைத்தான் இனி சொல்லப்போகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. எல்லாப் பறவையும் பெட்டிக்குள் வராது. தேன்சிட்டு கொடிக்கம்பியிலோ செடியின் நுனியிலோ தானே பை மாதிரி ஒரு கூட்டைத் தொங்கவிடும், தையல்சிட்டு இலையை மடித்துத் தைக்கும், கொண்டைக்குருவி புதருக்குள் கிண்ணம் மாதிரிக் கட்டும், தூக்கணாங்குருவி கட்டுவது நமக்கெல்லாம் தெரியும். இவற்றுக்காகப் பெட்டி செய்வது வீண் வேலை, செடி கொடியை வெட்டாமல் விட்டாலே போதும். பெட்டி தேவைப்படுவது பொந்தில் குடியிருக்கிற பறவைகளுக்கு: சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், கிளி, புள்ளி ஆந்தை. இதில் நம் வீட்டுச் சுவரை ஒட்டியே வாழ்வதும், கான்கிரீட் வீடுகள் வந்தபிறகு இடமில்லாமல் தவிப்பதும் சிட்டுக்குருவிதான். ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே சந்து இருந்தது, சுவரில் மாடம் இருந்தது, சாரம் கட்டிய ஓட்டையைக்கூடப் பூசாமல் விட்டிருப்பார்கள். இன்றைய வீட்டில் ஒரு விரல் நுழைகிற சந்துகூடக் கிடையாது. செல்போன் டவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம், ஆனால் குருவிக்கு வீடு போனது கண்ணெதிரே நடந்த விஷயம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ குருவிச் சத்தம் கேட்கிறதா? சிட்டுக்குருவி பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகாத பறவை, ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை முழுவதும். அரிசிக்கடை, ரேஷன் கடை, மளிகைக் கடை வாசல், மாட்டுத் தொழுவம், ரயில் நிலையம் இங்கெல்லாம் காலையில் போய் நின்று பாருங்கள். அங்கே ஒரு கூட்டம் இருந்தால் உங்கள் பெட்டிக்கு ஆள் வர வாய்ப்பு உண்டு. சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் எவ்வளவு நல்ல பெட்டி மாட்டினாலும் காலியாகத்தான் இருக்கும்.

சரி, குருவி என்ன எதிர்பார்க்கிறது? இதற்குப் புத்தகம் தேவையில்லை, ஈபி மீட்டர் பெட்டியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் குருவி குடியிருப்பது அதில்தான். சன்ஷேடுக்குக் கீழே இருக்கும், அதனால் வெயிலும் மழையும் நேராகப் படாது. சுவரோடு இறுக்கமாக இருக்கும், ஆடாது. உள்ளே இருட்டு. வயர் போகிற ஓட்டை சின்னது, காக்கையும் பூனையும் நுழையாது. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது என்று, குஞ்சு பறக்கிற வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கு போடாமல் இருந்தது, செய்தியில் படித்திருப்பீர்கள். அதுவும் இதே மாதிரி ஒரு இடம்தான். இந்த ஐந்து குணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் பார்த்தால் எது தேறும், எது தேறாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எந்தப் பொருளானாலும் மாறாத அளவு ஒன்று உண்டு, அது வாசல் ஓட்டை. 32 மில்லிமீட்டர் விட்டம். 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், அதை வைத்துச் சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி வட்டம் போட்டால் சரியாக வரும். ஒன்றரை இஞ்சுக்கு மேல் போனால் மைனா தலையை விட்டு ஆராயத் தொடங்கிவிடும், இரண்டு இஞ்சு என்றால் குருவியை விரட்டிவிட்டு அதுவே குடியேறிவிடும், அணிலும் பஞ்சும் நாருமாகக் கொண்டுவந்து அடைத்துவிடும். கடைகளில் விற்கிற அழகான கூடுகளில் பல இந்த ஒரு விஷயத்தில்தான் தோற்றுப்போகின்றன. ஓட்டைக்குக் கீழே உட்கார ஒரு குச்சி வைத்திருப்பார்களே, அதுவும் கூடாது. சிட்டுக்குருவி நேராகப் பறந்துவந்து விளிம்பைப் பிடித்து உள்ளே போய்விடும், குச்சி உதவுவது காக்கைக்குத்தான். வாங்கிவிட்டீர்கள் என்றால் குச்சியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டை பெரிதாக இருந்தால் 32 மில்லிமீட்டர் துளை போட்ட ஒரு சின்னப் பலகையை முன்னால் திருகிவிடுங்கள், ஓரளவு தேறிவிடும்.

இப்போது மரப்பெட்டி. நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். காரணம் இரண்டு: கனமான மரம் வெளிச்சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது, அப்புறம் மரத்தில் மட்டும்தான் திறந்து மூடுகிற மாதிரி ஒரு பக்கத்தைச் சுலபமாக வைக்க முடியும். கனம் முக்கால் இஞ்சு இருக்கட்டும். வேப்பமரப் பலகை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, பூச்சியும் கரையானும் லேசில் வராது. இல்லையென்றால் பேக்கிங் மரம் போதும், மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். கப்பலில் சரக்கோடு வந்த பேலட் மரம் என்றால் அதில் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டியது, அதை விட்டுவிடுங்கள். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் இரண்டும் ஒரு மழைச்சாரலுக்கே ஊதிப்போகும். சாதாரண பிளைவுட்டும் ஓரத்தில் பிரிய ஆரம்பிக்கும். மரைன் பிளைவுட் மிச்சம் இருந்தால் சரி, அதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

உள்ளளவு அடிப்பகுதி 6 இஞ்சுக்கு 5 இஞ்சு, உயரம் 9 இஞ்சு இருந்தால் ஒரு ஜோடிக்குத் தாராளம். வாசல் ஓட்டையின் கீழ்விளிம்பு உள்தரையிலிருந்து 5 இஞ்சுக்குக் குறையக் கூடாது. ஆழம் குறைந்தால் பூனை காலை விட்டுக் குஞ்சை எடுத்துவிடும், காக்கை அலகை விடும். கூரைப்பலகை முன்பக்கம் இரண்டு இஞ்சு நீட்டிச் சரிவாக இருக்கட்டும். தரையில் நான்கு மூலையிலும் கால் இஞ்சுத் துளை, பக்கச் சுவர்களில் கூரைக்குக் கீழே இரண்டிரண்டு துளை, காற்று போக. ஒரு பக்கப் பலகையை மட்டும் ஆணி அடித்து மூடாமல், மேலே இருபுறமும் ஒவ்வொரு ஆணியில் ஆடும்படி விட்டு, கீழே ஒரு கொண்டி போட்டுவிட்டால் அதுவே கதவு. கீல் வாங்கக்கூட வேண்டாம்.

தச்சரிடம் கொடுத்துச் செய்தால் அவர் தொழில் சுத்தத்தில் உட்புறத்தை இழைப்புளி போட்டு வழவழவென்று ஆக்கிவிடுவார். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலுக்கு நேர் கீழே உட்பக்கப் பலகையில் ரம்பத்தின் பல்லை வைத்து அரை இஞ்சுக்கு ஒரு கோடு குறுக்காகக் கீறிவிட்டால் போதும், பறக்கத் தயாராகிற குஞ்சு அதைப் பிடித்துத்தான் வாசலுக்கு ஏறும். ஓட்டையை ஹோல் சா பிட் போட்டு எடுப்பார்கள், 32 மில்லிமீட்டர் பிட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எடுத்தபிறகு விளிம்பில் சிலும்பு நிற்கும், விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், குத்தினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. வெளியே ஆளிவிதை எண்ணெய் தடவி ஒரு வாரம் காயவிட்டு மாட்டினால் பல வருடம் ஓடும். கையில் மரமிருந்து நீங்களே செய்தால் செலவு திருகும் ஆணியும்தான், தச்சர் கூலியோடு என்றால் கொஞ்சம் காசு ஆகும். இந்த மூன்றில் அதிகச் செலவு மரப்பெட்டிக்குத்தான், அதே சமயம் அதிக நாள் உழைப்பதும் அதுதான்.

சென்னையில் கூடுகள் அறக்கட்டளைக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே மரப்பெட்டிக் கூடு செய்ய வைக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள், திருகு முடுக்குவதை அவர்களிடம் விட்டுவிடலாம். தான் செய்த பெட்டிக்குள் குருவி வைக்கோல் எடுத்துப் போவதைப் பார்த்த பிள்ளை பின்னால் எந்தப் பறவையையும் கல்லால் அடிக்காது.

மண்கலயத்துக்கு வருவோம். இதன் பெரிய பலம் குளிர்ச்சி. சூளையில் சுட்ட, மேலே பளபளப்புப் பூச்சு இல்லாத மண்சுவருக்குள் நிழலில் இருக்கும்வரை இதமாக இருக்கும். சித்திரை வைகாசியில் மேல்மாடி பால்கனியில் சுற்றிலும் கான்கிரீட் கொதிக்கும்போது கனமில்லாத மரப்பெட்டியைவிடக் கலயம் நிச்சயம் மேல். குஞ்சுகள் எழுந்து வெளியே வந்து காற்று வாங்க முடியாது, பெட்டிக்குள் வெந்துபோனால் வெந்ததுதான், அதனால் சூட்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நேர் வெயிலில் வைத்தால் கலயமும் சுடும், நிழலில்தான் அதன் மகிமை.

பலவீனங்களும் உண்டு. கயிற்றில் தொங்கவிட்டால் காற்றில் ஆடும், ஆடுகிற இடத்தைக் குருவி நம்பாது. வாய் அகலம், உள்ளே யாரும் எட்டிப்பார்க்கலாம். பக்கத்தில் துளை போட்டு வாயைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், பின்னால் பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்ய வழியில்லை. இந்த மூன்றையும் ஒரே அடியில் தீர்க்கிற வழி இது: ஏழு எட்டு இஞ்சு அகலமுள்ள, வாய் நான்கு இஞ்சு இருக்கிற கலயமாக வாங்கி, அதைப் படுக்க வைத்து, வாய்க்குச் சரியாக ஒரு வட்டப் பலகை வெட்டி, அந்தப் பலகையின் மேல்பாதியில் 32 மில்லிமீட்டர் துளை போட்டு, கழுத்தோடு கம்பி சுற்றிக் கட்டிவிடுங்கள். பலகைதான் வாசல், அதுவேதான் கதவு. கலயத்தை இரும்புப் பட்டையால் செய்த பிராக்கெட்டில் உட்காரவைத்துச் சுவரோடு கம்பியால் கட்டினால் ஆடாது. படுக்க வைத்தபின் அடிப்பக்கமாக வருகிற இடத்தில் இரண்டு சின்னத் துளை தேவை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, காலையில் ஈரத்தோடே, கான்கிரீட் பிட் போட்டு, டிரில்லில் சுத்தியல் முறையை அணைத்துவிட்டு மெதுவாக அழுத்துங்கள். சிவப்புச் சேறு சுருண்டு வரும், கலயம் விரியாது. உலர்ந்த கலயத்தில் டிரில் வைத்தால் முக்கால்வாசி நேரம் பிளந்துவிடும்.

மண்பாண்டம் செய்கிறவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, ஈர மண்ணிலேயே வாசலை வெட்டித் தரச் சொல்லலாம். ஆனால் அளவைக் கூட்டிச் சொல்லுங்கள். உலர்ந்து, சுட்டு வெளியே வரும்போது மண் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும், 32 வேண்டுமென்றால் 35 அல்லது 36 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். ஒரு கலயத்தை முதலில் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யச் சொன்னால் அவரும் சந்தோஷமாகச் செய்வார்.

அட்டைப்பெட்டி, அதாவது செருப்பு வாங்கிய பெட்டி. காசில்லை, பத்து நிமிட வேலை. குருவி வருமா என்றால் வரும், அதற்கு இருட்டும் சந்தும்தான் கணக்கு. ஆனால் மழைச்சாரல் துளிகூடப் படாத உள்வராந்தாவாகவோ கார் நிறுத்துகிற போர்ட்டிகோவாகவோ இருக்க வேண்டும். ஒரு ஈடு குஞ்சு பொரித்து பறக்கிறவரை தாங்கும், அதற்குள் அடிப்பகுதி எச்சத்தில் ஊறித் தொய்ந்துவிடும். அதனால் அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, பெட்டியைச் சுற்றிச் சணல் கயிறு கட்டி ஏதாவது ஒரு தாங்கியில் வையுங்கள். செல்லோ டேப்பின் பசைப்பக்கம் உள்ளே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குஞ்சின் சிறகு ஒட்டிக்கொள்ளும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல தொடக்கம், குருவி வந்துவிட்டால் அடுத்த ஈட்டுக்குள் மரத்துக்கு மாறிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. தேங்காய்ச் சிரட்டைக் கூடு பார்க்க அழகு, ஆனால் உள்ளே நாலு இஞ்சு இடம்கூட வராது, நாலு குஞ்சு வளர்ந்தபின் ஒன்றையொன்று மிதிக்கும். பிளாஸ்டிக் பாட்டில், பெயிண்ட் டப்பா, தகர டின், பிவிசி குழாய் எல்லாமே ஒரே ரகம்: சூடு ஏறும், ஈரம் உள்ளேயே நிற்கும், வழுக்கும். சுரைக்குடுக்கை மட்டும் எனக்கு மிகவும் பிடித்த மாற்று. சமையலுக்கு வாங்குகிற நீளச் சுரை உதவாது, குண்டுச் சுரையைக் கொடியிலேயே முற்றவிட்டு, உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடுகிற வரை நிழலில் காயவிட்டு, வாசல் வெட்டி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடை இல்லை, தடித்த தோல். அமெரிக்காவில் ஒருவகைத் தகைவிலானுக்காகச் சுரைக்குடுக்கைகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள், அதில் சிட்டுக்குருவி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தீராத தலைவலி. நமக்கு அது நல்ல சேதி. ஆனால் காய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இது எதுவுமே வேண்டாம். சன்ஷேடுக்கு அடியில் சுவரில் ஒரு செங்கல்லை விட்டுவிட்டு, முன்னால் துளையிட்ட பலகையைத் திருகச் சொல்லுங்கள், வீடு நிற்கும்வரை கூடு இருக்கும்.

பொருளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, இடம் தப்பினால் எல்லாம் போச்சு. 8 முதல் 12 அடி உயரம், கிழக்கு அல்லது வடக்குச் சுவர், சன்ஷேடுக்குக் கீழே. மேற்குச் சுவர் கண்டிப்பாக வேண்டாம், மதியம் இரண்டு மணியிலிருந்து அங்கே வெயில் இறங்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாரல் வாசலுக்கு நேராக அடிக்காதபடி சன்ஷேட் நீளமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி அனல் விடுகிற பக்கம் வேண்டாம். மரத்தில் மாட்டாதீர்கள், அணிலும் பாம்பும் ஏறும், குருவிக்கும் சுவர்தான் பழக்கம். மின்விசிறி சுழல்கிற அறைக்குள்ளோ அதன் ஜன்னலருகிலோ கூடவே கூடாது, விசிறியில் அடிபட்டுச் சாகிற குருவிகள் எத்தனையோ. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்கிற பறவை என்பதால் ஒரு பெட்டியைவிட இரண்டு மூன்று பெட்டிகளை நாலடி இடைவெளியில் வைப்பது நல்லது. தானியமும் தண்ணீரும் வைப்பதென்றால் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லையென்றால் காக்கையும் புறாவும் பெட்டி வாசலிலேயே காத்திருக்கும். கம்பு, தினை, நொய்யரிசி எல்லாம் பெரிய குருவிகளுக்கு. குஞ்சுக்கு முதல் சில நாள் புழுபூச்சிதான் உணவு, அதனால் நாலு செடித்தொட்டி வைத்து அதில் மருந்து அடிக்காமல் இருங்கள்.

ஆண்குருவி முதலில் வரும். வாசலில் உட்கார்ந்து இடைவிடாமல் கத்தும், உள்ளே போகும், வெளியே வரும், மறுபடி கத்தும். ஜோடி சேர்ந்ததும் புல், நூல், பஞ்சு, இறகு என்று வரத் தொடங்கும். நீங்கள் உள்ளே எதையும் வைக்க வேண்டாம். 3 முதல் 5 முட்டை, அடைகாப்பது 11 முதல் 14 நாள், குஞ்சு பறக்க அதற்குமேல் சுமார் 15 நாள். இந்த ஒரு மாதம் பெட்டியைத் திறக்காதீர்கள். குஞ்சு தவறிக் கீழே விழுந்தால் எடுத்து உள்ளே விட்டுவிடுங்கள், மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. எறும்பு வரிசை பிடித்தால் சாக்பீஸ் மருந்தும் ஸ்ப்ரேயும் வேண்டாம், பிராக்கெட்டின் அடியில், குருவியின் கால் படாத இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நின்றுவிடும். குஞ்சுகள் பறந்தபின் இரண்டு நாள் யாரும் உள்ளே வந்து போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மூக்கில் துணி கட்டி, பழைய கூட்டை முழுவதும் எடுத்துப் போட்டுவிட்டு, கொதிநீர் ஊற்றிக் கழுவி நிழலில் காயவைத்து அதே இடத்தில் மாட்டுங்கள். வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், அதே ஜோடி அடுத்த ஈட்டுக்குச் சில நாளிலேயே திரும்பிவிடும்.